எதிர்காற்றில் ஒரு வினைச்சொல்

1

இந்தக் கதையை என்னை எழுத வைத்தது பொறாமை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகப் பத்து வரி கழித்துக் கண்டுபிடித்து, ‘ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே’ என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம்.

வெளியில் சொல்லிக்கொள்ளும் காரணம் வேறு. சைக்கிளில் நெடும்பயணம் போகிறவர்களுக்காக நடக்கும் ஒரு சின்னப் பத்திரிகை, ‘உடை, மூட்டை, காற்று’ என்று ஒரு கட்டுரை கேட்டது. நான் பள்ளிப் பாடப்புத்தகங்கள் அச்சாகும் அச்சகத்தில் பிழை திருத்துபவன். விடுமுறை கிடைத்தால் மனைவியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன். இரண்டையும் கூட்டினால் ஒரு கட்டுரை வந்துவிடும் என்று ஆசிரியர் கணக்குப் போட்டிருக்கிறார். நானும் நம்பி உட்கார்ந்தேன். ‘சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மேட்டைவிடப் பெரிய எதிரி காற்று’ என்று எழுதினேன். ‘எதிரி’ என்ற சொல்லை எழுதி முடித்ததும் அதன் பக்கத்தில் ஒருவன் வந்து நின்றான். சிரித்தான். ‘அண்ணா’ என்றான்.

அன்றோடு கட்டுரை செத்தது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிக் கிழித்தேன்.

‘அவன் அயோக்கியன்.’ (மனைவி படித்துவிட்டு, “யாரு?” என்றாள். கிழித்தேன்.)

‘காற்றின் தடை வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். பொறாமையும் அப்படித்தான், அது...’ (இது நானே கிழித்தது. உவமை ஏறாத இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகக்கூடாது.)

‘என் மனைவிக்கு ஓர் அத்தை மகன் உண்டு.’

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.

என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுதும் இருட்டறையில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?” என்று கேட்பது அவள் தொழில். அவளுடைய அத்தை மகன் மின்விசிறித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இறக்கைக்கு எவ்வளவு வளைவு கொடுத்தால் காற்று எப்படிப் போகும் என்று பார்க்கிற வேலை. அதனால் நான் அவனுக்கு வைத்த பெயர் விசிறி. யாருக்கு விசிறி என்பது இந்தக் கதை முழுக்க நான் கேட்டுக்கொண்டிருக்கப்போகிற கேள்வி.

அவள் அவனை ‘அத்தான்’ என்பாள். என்னை ‘என்னங்க’ என்பாள். ‘என்னங்க’ என்று காய்கறிக்காரரைக்கூடக் கூப்பிடலாம். அவன் அவளைச் ‘சுண்டெலி’ என்பான். அது அவள் பாவாடை கட்டிய காலத்துப் பெயராம். எனக்கு அந்தப் பெயரில் பங்கு கிடையாது. ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். “உங்க வாயில நல்லால்ல” என்றாள்.

முறை என்று பார்த்தால் அவன் எனக்குத் தம்பி.* அதனால் மூச்சுக்கு மூச்சு ‘அண்ணா’. ஒருவனை வெறுப்பதற்குக் கால் ஊன்றி நிற்கும்போது அவன் ‘அண்ணா’ என்றால் கால் வழுக்குகிறது.

* முறைப்பையனின் முறைப்பெண்ணை மணந்தவன் அவனுக்கு அண்ணனாகிவிடுகிறான். நம் சொந்தமுறையை வகுத்தவர்களுக்குப் பொறாமை என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. முன்கூட்டியே வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

3

சென்ற வருடம், விடுமுறைக்கு முன்னால், அவனும் எங்களோடு வருவதாக முடிவாயிற்று. யார் முடிவு செய்தது என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். யாரும் செய்யவில்லை. அவன் கேட்டான், அவள் என்னைப் பார்த்தாள், நான் “தாராளமா” என்றேன். தாராளம் என்பது இல்லாதவன் சொல்கிற வார்த்தை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவன் வீட்டுக்கு வந்தான். கையில் தொழிற்சாலையின் பெரிய ஸ்டாண்டு ஃபேன். பையில் துண்டு துண்டாக நறுக்கிய சிவப்பு நூல், டேப். நடுக்கூடத்தில் என் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பைகளையும் மாட்டி, என்னை மேலே உட்காரச் சொன்னான்.

“அண்ணா, வழக்கமா போடுற சட்டையைப் போட்டுக்கங்க.”

என் வழக்கமான சட்டை ஓர் அளவு பெரியது. தொப்பைக்குக் கொடுத்த மரியாதை. அதன் முன்னும் பின்னும் தோளிலும் அவன் நூல் துண்டுகளை ஒட்டினான். பக்கப்பைகளிலும் ஒட்டினான். ஃபேனை எனக்கு எதிரே வைத்து முழு வேகத்தில் போட்டான். சட்டை பாய்மரம் போல உப்பியது. முன்பக்கத்து நூல்கள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தன. முதுகில் இருந்தவை பேய் பிடித்தாடின.

“பாத்தியா சுண்டெலி? அண்ணா முதுகுக்குப் பின்னாடி காத்து சண்டை போடுது. முன்னாடி தள்ளுறது பாதி, பின்னாடி பிடிச்சு இழுக்குறது மீதி.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஃபேன் காற்றில் என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.

பிறகு அவன் எங்கள் மூட்டைகளைப் பார்த்தான். குறை சொல்லவில்லை, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம். “தப்பில்லண்ணா, ஆனா பாருங்க” என்று தொடங்குவான். ஹேண்டில்பாருக்குக் குறுக்கே நான் கட்டியிருந்த படுக்கைச் சுருள் காற்றுக்குப் போட்ட தடுப்புச்சுவர். அதை எடுத்து சீட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் கட்டினால் உடம்பின் மறைவில் ஒளிந்துகொள்ளும். பக்கப்பை காலின் அகலத்தைத் தாண்டி எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவும் தண்டம். தொங்குகிற வார், படபடக்கிற மழைக்கோட்டு, திறந்து கிடக்கிற ஜிப் எல்லாம் காற்றின் கைப்பிடிகள்.

“எல்லாத்தையும்விட பெருசு நம்ம உடம்புதான்” என்றான். “மூட்டையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்ல. நாமதான் பெரிய மூட்டை.”

அடுத்து அவள் முறை. உடம்போடு ஒட்டிய சட்டை போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

என் முதல் பிரதியில் இந்த இடத்தில், ‘அவன் ஒவ்வொரு நூலாக எடுத்து அவள் தோளில் ஒட்டினான்’ என்று எழுதியிருந்தேன். அவனுடைய விரல்களைப் பற்றி ஒரு பத்தியும் உண்டு. நல்ல பத்தி. மனைவி சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டாள். பிழை திருத்துகிறவன் வீட்டில் சிவப்புப் பேனாவுக்குப் பஞ்சமில்லை.

“அவர் எங்க ஒட்டினார்? டேப்பை உங்க கையில குடுத்து, ‘நீங்க ஒட்டுங்கண்ணா’ன்னார்.”

உண்மை. நான்தான் ஒட்டினேன். அவன் ஃபேனின் வயரைச் சரிசெய்கிற சாக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அப்படித் திரும்பி நின்றதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. மனதில் ஒன்றும் இல்லாதவன் எதற்குத் திரும்பி நிற்கிறான்?

4

முதல் நாள்.

பெரிய அணைக்கட்டைத் தாண்டியதும் வெட்டவெளி. மரம் கிடையாது, வீடு கிடையாது, வளைவு கிடையாது. சாலை கோடு கிழித்தது போல நேராகப் போகிறது. எதிரே காற்று. அணைக்கட்டின் மறுபுறம் வரை நல்ல பிள்ளையாக இருந்த காற்று, எங்களைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தது போல வந்தது.

அவன் முன்னால் போனான். அவள் அவன் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால். முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னே காற்றில்லாத ஓர் அறை உண்டாகிறது. அந்த அறைக்குள் நுழைந்துகொண்டால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்குவரைகூட மிச்சம். இதை அவனே எனக்கு விளக்கியிருந்தான். விளக்காமல் இருந்திருக்கலாம். இப்போது எனக்கு அந்த அறை தெரிந்தது. கதவு, ஜன்னல், நிலைப்படி எல்லாம் தெரிந்தது. அதற்குள் அவர்கள் இரண்டு பேர்.

நான் வெளியே.

படுக்கைச் சுருளை நான் இடம் மாற்றவில்லை. சட்டையையும் மாற்றவில்லை. ‘அவன் சொல்லி நான் என்ன மாற்றுவது’ என்ற வீம்பு. வீம்புக்கு விலை உடனே கேட்டார்கள். சட்டை காதோரம் படபடவென்று அடித்தது. மிதிக்க மிதிக்க யாரோ காலரைப் பிடித்து, “எங்க கிளம்பிட்ட?” என்று பின்னால் இழுத்தார்கள். இடைவெளி ஒரு சைக்கிள் நீளமானது, பிறகு ஒரு லாரி நீளம், பிறகு இரண்டு புள்ளிகள், பிறகு ஒரு புள்ளி.

இரண்டு புள்ளிகள் ஒன்றானதைப் பார்த்தபடி ஒருவன் சைக்கிள் மிதிக்கிறான். இதற்கு மேல் நான் என்ன எழுத வேண்டும்?

சாயங்காலம் நான் லாட்ஜை அடைந்தபோது அவர்கள் வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கூடாரப் பை அவன் சைக்கிளில் இருந்தது.

“உன் பை ஏன் அங்க இருக்கு?”

“அத்தான் பின்னாடி வச்சுக்கிட்டார். என் வண்டில பக்கத்துல பிதுங்குச்சு.”

“என்கிட்ட குடுத்திருக்கலாமே?”

“நீங்க எங்க இருந்தீங்க குடுக்கறதுக்கு?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கோபமில்லை, குத்தலில்லை. அவன் எழுந்துபோய் எனக்கு ஒரு டீ சொன்னான். அதில் சர்க்கரை சரியாக இருந்தது. நான் இரண்டு கரண்டி போடுவேன் என்று அவனுக்கு யார் சொன்னது?

5

(இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும்.)

விசிறி எனக்குப் பாத்திரமாகச் சரிப்படவில்லை. ஒரு கெட்டவன் வேண்டும் என்று வேலைக்கு எடுத்தேன். வந்தவன் நல்லவனாக இருக்கிறான். அவனை எப்படியாவது கெடுத்துவிட வேண்டும் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் அவளை அழைத்துக்கொண்டு வேறு சாலையில் திரும்பிவிடுகிறான். (அந்த வெட்டவெளியில் வேறு சாலையே இல்லை.) இன்னொன்றில் நான் அவன் டயரில் காற்றை இறக்கிவிடுகிறேன். (எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தது. படிக்கும்போது கேவலமாக இருந்தது.) மூன்றாவதில் அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், அவனுடைய மனைவி...

இல்லை. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரியவர்கள் எத்தனையோ பெண் பார்த்தார்கள். அவன் ஒவ்வொரு முறையும் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லித் தப்பித்தான். அவளை எனக்குப் பேசி முடிப்பதற்கு முன்னால், அவனுக்குத்தான் பேசிவைத்திருந்தார்கள் என்று என் மாமியார் ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். ஏன் நின்றது என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு அக்கறை இருப்பதாக ஆகிவிடும்.

மனைவி இந்தப் பக்கத்தைப் படித்தாள். எதையும் அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

அடித்திருக்கலாம்.

6

இரண்டாம் நாள் காலை, சைக்கிள்களை வெளியே எடுக்கும்போது அவள் சொன்னாள்: “இன்னைக்கு நீங்க முன்னாடி போங்க.”

“நானா? நான் போனா சாயங்காலம்தான் போய்ச் சேருவோம்.”

“போய்ச் சேர்ந்தா போதும். நேத்து மாதிரி தனித்தனியா வேணாம்.”

விசிறி ஒரு கணம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தான். “அண்ணா, நல்ல யோசனை. நீங்க முன்னாடி போனா எங்களுக்குத்தான் லாபம்.”

“எப்படி?”

“உங்க தோள் அகலம். பை அகலம். சட்டை வேற உப்பும். உங்களுக்கு எதெல்லாம் தடையோ அதெல்லாம் பின்னாடி வர்றவங்களுக்கு மறைப்பு. என் பின்னாடி கிடைக்கிறது குடை. உங்க பின்னாடி வீடே கட்டலாம்.”

என்னைச் சுவர் என்கிறான். ஆனாலும், ஒப்புக்கொள்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்கு வீடு நான். அவன் வெறும் குடை. பாரமே தெரியாமல் ஏறி மிதித்தேன்.

எதிர்காற்று முந்தின நாளைப் போலவே இருந்தது. நெஞ்சில் வாங்கினேன். தொடை எரிந்தது, கண்ணில் நீர் வழிந்தது, சட்டை அடித்தது. அடிக்கட்டும். ஒவ்வொரு படபடப்பும் அவள் முகத்தில் படாமல் போகிற ஒரு வீச்சு. எனக்கு மிக அருகில் பின்னால் ஒரு சக்கரத்தின் டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தோடு எனக்கு ஒரு உறவே வந்துவிட்டது. அது தளர்ந்தால் நானும் தளர்த்தினேன். அது நெருங்கினால் எனக்குக் கால் லேசானது. பின்னால் ஒட்டி வருகிறவரால் முன்னால் போகிறவருக்கும் ஒரு துளி உதவி உண்டு. முதுகைப் பிடித்து இழுக்கிற காற்றின் இடத்தில் ஓர் ஆள் வந்துவிடுவதால் இழுப்பு குறைகிறது. இதையும் அவன்தான் சொல்லியிருந்தான்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளும் நானும் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை என்று நினைத்தேன். வாய்விட்டு ஏதோ பாடக்கூடச் செய்தேன்.

அப்போது அந்தச் சக்கரத்திலிருந்து குரல் வந்தது.

“அண்ணா.”

அவன் குரல்.

எனக்குப் பின்னால் அவன். அவனுக்குப் பின்னால், மூன்றாவதாக, அவள். கடைசியில் வருபவருக்குத்தான் சுகம் அதிகம் என்று அவளை அங்கே விட்டிருக்கிறான். அந்த நெருக்கம், அந்த டிக் டிக், அந்த உறவு, எல்லாம் இவனோடு.

நான் திரும்பவில்லை. எதிர்காற்றில் திரும்பினால் வண்டி ஆடும். அவன் பேசிக்கொண்டே வந்தான். முன்னால் இருப்பவன் பேசினால் காற்று அதைப் பின்னால் இருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். பின்னால் இருப்பவன் பேசினால் முன்னால் வராது. பொட்டுப் பொட்டாக வந்தது.

“...ரொம்ப நாளா சொல்லணும்னு... உங்ககிட்ட மட்டும்... தப்பா எடுத்துக்காதீங்கண்ணா...”

பிறகு தெளிவாக, என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது போல:

“அண்ணா, நான் அவளை...”

அவ்வளவுதான். சட்டை படபடவென்று அடித்தது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

7

நம் மொழியில் வினை கடைசியில் வரும். யார், யாரை, எப்போது, எதற்கு என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, என்ன செய்தான் என்பதை ஆகக் கடைசியில்தான் சொல்வோம். அதுவரை கேட்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டும். பிழை திருத்துகிறவனாக இத்தனை வருடம் எத்தனையோ வாக்கியங்களுக்கு முடிவு போட்டிருக்கிறேன். எழுவாய்க்கு ஏற்ற பயனிலை இல்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் என்னால் போட முடியவில்லை. ஒரு வினையெச்சமாவது வந்திருந்தால் பிடித்துக்கொண்டு மேலே போயிருப்பேன்.

அண்ணா, நான் அவளை மறந்துட்டேன்.

அண்ணா, நான் அவளை மறக்கல.

அண்ணா, நான் அவளை வேண்டாம்னு சொன்னேன். (அப்படியானால் அவள் எனக்கு இரண்டாவது கை மாறி வந்தவளா?)

அண்ணா, நான் அவளை இனிமே பாக்க மாட்டேன்.

அண்ணா, நான் அவளை முன்னாடி போகச் சொல்லட்டுமா? (இதுவாகவும் இருக்கலாம். மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறார்கள்.)

மதியம் ஒரு பெட்ரோல் பங்க் நிழலில் நின்றோம். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பைகளின் வாரை இறுக்குவது போலக் குனிந்துகொண்டு கேட்டேன்.

“ஏதோ சொன்னியே. சரியா கேக்கல.”

அவன் என்னைப் பார்த்தான். முகம் வெயிலில் கறுத்து, காற்றில் உதடு வெடித்திருந்தது.

“கேக்கலையாண்ணா?”

“இல்ல.”

“ஒண்ணும் கேக்கலையா?”

“இல்லன்றேன்ல.”

வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். பிறகு சிரித்தான். “சரி விடுங்கண்ணா. ஒருதடவைதான் சொல்ல வந்துச்சு.”

மறுநாள் காலை முட்டி வலிக்கிறது என்று சொல்லி, சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மீதி வழியை முடித்தோம். நான் முன்னால், அவள் பின்னால். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்று என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே விசிறி, தொழிற்சாலையின் வேறொரு கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தூரமாகப் போய்விட்டான். வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் என்னிடம் மட்டும் இரண்டு நிமிடம் பேசுவான். அவளைக் கேட்கமாட்டான். ஒருவன் என் வீட்டைவிட்டுப் போனதும் என் பொறாமையும் போயிருக்க வேண்டும். அது போகவில்லை. முன்பாவது கண் முன்னால் ஓர் ஆள் இருந்தான். இப்போது ஒரு வினைச்சொல் இருக்கிறது.

8

இந்தக் கதைக்கு நான் யோசித்து வைத்திருக்கும் முடிவுகள்:

ஒன்று, நான் ரயிலேறி அவன் ஊருக்குப் போய்க் கேட்கிறேன். அவன் சொல்கிறான். இருவரும் அழுகிறோம். (நான் அழமாட்டேன்.)

இரண்டு, அவன் என்ன சொன்னான் என்பதே முக்கியமில்லை என்று ஒரு தத்துவப் பத்தி எழுதி முடிக்கிறேன். (முக்கியமில்லாததற்காகவா இத்தனை தாள்?)

மூன்றாவதை எழுதுவதற்குள் மனைவி வந்துவிட்டாள். இன்று கடைக்கு விடுமுறை. மத்தியான வெளிச்சம் மேசையில் விழுகிறது. ஏழாம் பகுதியை எடுத்துப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அண்ணா, நான் அவளை’ என்று வரிசையாக எழுதியிருக்கும் இடத்தில் அவள் கண் நின்றது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடையில் வில்லை மாற்றும்போது வைத்துக்கொள்கிற அதே முகம்.

“இதுல எதுவும் இல்ல” என்றாள்.

“என்ன?”

“இதுல எதுவும் இல்லன்றேன். அவர் சொன்னது.”

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. காற்றைப் பற்றி இவ்வளவு எழுதினேன். உடை, மூட்டை, தோள் அகலம், முதுகுக்குப் பின்னால் நடக்கிற சண்டை. முன்னால் பேசினால் பின்னால் கேட்கும் என்று என் கையாலேயே எழுதினேன். காற்று அந்தச் சொல்லைக் கொண்டுபோய்விட்டது என்றும் எழுதினேன். எங்கே கொண்டுபோனது என்று ஒருமுறையாவது யோசித்தேனா? எனக்குப் பின்னால் அவன். அவனுக்குப் பின்னால் அவள்.

“உனக்குக் கேட்டுச்சா?”

“எனக்குத்தான் கேட்டுச்சு.”

“ஒரு வருஷமாவா... ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே. நீங்க அவரைக் கேட்டீங்க. தாளைக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?”

ஒரு வருடம். நான் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த அந்தச் சொல்லை இவள் காதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், பக்கத்தில் படுத்திருக்கிறாள், என் பின்னால் மிதித்து வந்திருக்கிறாள். விசிறிமேல் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது எனக்கு இவள்மேல் பொறாமையாக இருக்கிறது.

“சொல்லு” என்றேன்.

அவள் தாள்களை அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமன் செய்தாள்.

“கதைக்குத் தெரியணுமா, உங்களுக்குத் தெரியணுமா?”

கதைக்கு என்று சொன்னால் அவள் எழுந்துபோய்விடுவாள். அது எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். இவ்வளவு தூரம் என் பின்னால் ஒட்டி வந்திருக்கிறீர்கள், காற்றையெல்லாம் நானே வாங்கினேன், உங்களுக்கு ஒரு சொல் பாக்கி இருக்கிறது. நியாயம்தான். வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன், அவற்றில் இல்லாத ஒன்றை நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

“எனக்கு” என்றேன்.

“அப்ப பேனாவைக் கீழ வைங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். வைக்கிறேன்.